யார் பக்கத்தில் யார்

பேருந்து டிப்போவில் என் வேலை டூட்டி சீட்டுப் போடுவது. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், அவர் கூட எந்தக் கண்டக்டர், காலையா மாலையா என்று ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். மொத்தம் நூற்று நாற்பது பேர். ஒட்டிய அரை மணி நேரத்தில் அதில் பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 'இவனுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்' என்று என் காதுபடவே சொல்வார்கள். பதின்மூன்று வருடமாக வாங்கும் திட்டு, இப்போதெல்லாம் உறைப்பதில்லை. எனக்கு ஒரே ஒரு விதிதான். யாரையும் யாரோடும் ஒட்டிப்போக விடக்கூடாது. ஒரே ஜோடி இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் ஒன்று நட்பு முற்றும், இல்லாவிட்டால் பகை முற்றும். இரண்டுமே வண்டிக்கு ஆகாது. சுற்றிச் சுற்றி மாற்றிப் போட்டால் எல்லாருக்கும் நல்லதில் பாதி, கெட்டதில் பாதி. நியாயம் என்றால் இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் அதே புத்திதான். என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். குடி இல்லை, அடி இல்லை, யார் மேலும் பெரிய குற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தால் அதிகாரம், அவள் வாயை மூடினால் நாலு நாள் மௌனம். அதிலேயே தேய்ந்து போனோம். போன மாதம் ஒரு நாள் அவள் சொன்னாள், "உங்க டூட்டி சீட்டுல நானும் ஒரு கண்டக்டர். அவ்வளவுதான் நம்ம குடித்தனம்." சொன்னதோடு நிற்கவில்லை. அவளுடைய அக்கா இருக்கும் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சொல்லி வைத்து, அதுவும் கிடைத்துவிட்டது.

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு எட்டு வயது. கேள்வி கேட்டே ஆளை உட்கார வைத்துவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டம் 'மேடம்'. சின்னவனுக்கு நாலரை. ஆள் இத்தனூண்டு, கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். அவன் 'கடுகு'.

பிள்ளைகள் யாரோடு இருப்பது என்ற பேச்சு வந்த மத்தியானம், நான்தான் வழி சொன்னேன். பெரியவள் இங்கே மூன்றாவது படிக்கிறாள், அவள் என்னோடு இருக்கட்டும். சின்னவன் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை, அவன் உன்னோடு வரட்டும். ஆளுக்கு ஒண்ணு. இரண்டு டிரைவர்கள் ஒரே விடுப்பு நாளுக்கு மல்லுக்கு நின்றால் டிப்போவில் இப்படித்தான் தீர்த்து வைப்பேன். மனைவி ஏதோ சொல்ல வந்து, பிறகு சரி என்றாள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோமே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை நாலு பேருமாகப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வருவது, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்துச் சொல்வது, திங்கட்கிழமை அவள் கிளம்புவது என்று ஏற்பாடு. பூங்கா அவளுடைய யோசனை. "ஒரு நாளாவது சண்டை இல்லாம அதுங்க பாக்கட்டும்" என்றாள். நான் உடனே தலையாட்டியதற்குக் காரணம் வேறு. ஒரு நாள் முழுக்க ராட்டினத்தில் சுற்றிச் சிரித்துவிட்டு வந்தால் அவள் மனசு மாறிவிடாதா என்று ஒரு நப்பாசை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேஜையில் பூங்காவின் துண்டுப் பிரசுரத்தை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கடுகு மேஜைக்கு அடியில் என் செருப்பை பஸ்ஸாக ஓட்டிக்கொண்டிருந்தான். மேடம் என் எதிரே நாற்காலியில் முழங்காலிட்டு, பிரசுரத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக எட்டிப் பார்த்தாள்.

ஒன்பது சவாரிகள் போட்டிருந்தார்கள். ராட்டினம், ஆடும் கப்பல், சுழலும் கோப்பைகள், மோதும் கார்கள், தண்ணீர்ச் சறுக்கு, இன்னும் என்னென்னவோ. கீழே பொடி எழுத்தில் விதிகள். விதி என்று ஒன்று இருந்தால் அதை முதலில் படிப்பவன் நான். நூற்று இருபது சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை எதில் ஏறினாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தைதான். மேடத்தைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். நூற்றுப் பதினாறு.

"நாலுதானேப்பா குறையுது? ஷூ போட்டுக்கிறேன்."

"உங்க ஷூ என்ன பொய்க்காலா மேடம்? விதின்னா விதி."

குட்டி ரயில் ஒன்றுக்கு மட்டும் விதி தலைகீழ். அதில் குழந்தைகள் மட்டும்தான், பெரியவர்கள் ஏறக்கூடாது.

"அப்போ யார் பக்கத்துல யார்னு நான் சீட்டு போடறேன்" என்று அவள் ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்துப் பழகியவள். நேரம், சவாரி, இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று கோடு கிழித்துக் கட்டம் போட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அவள் எழுதட்டும் என்று நான் பையில் என்னென்ன வைப்பது என்று பார்த்தேன். கடுகுக்கு இரண்டு மாற்றுடை, துண்டு, வாந்திக்கு மாத்திரை, தண்ணீர், பிஸ்கட்.

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னலைப் பார்த்தேன். அன்று காலை நான் பின்னியது. ஒரு வாரமாகவே நான்தான் பின்னுகிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு யார் பின்னுவது என்று, செல்போனில் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். 'சும்மா, ஒரு ஆசைக்கு' என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு பக்கம் கயிறு மாதிரியும் மறுபக்கம் எலி வால் மாதிரியும் வரும். எதற்கெடுத்தாலும் நூறு கேள்வி கேட்கிறவள், இதற்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"முடிச்சிட்டேன்" என்று தாளை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்ததும் என் கண் போன இடம் அந்தக் கடைசி இரண்டு கட்டங்கள்தான். பழக்க தோஷம். ராட்டினம், அம்மாவும் மேடமும், அப்பாவும் கடுகும். கப்பல், அம்மாவும் மேடமும், அப்பாவும் கடுகும். கோப்பை, அதேதான். மேலிருந்து கீழ் வரை ஒரே ஜோடி, ஒரு இடத்தில்கூட மாறவில்லை. நடுநடுவே குட்டி ரயில் நாலு முறை வந்திருந்தது. அதில் மேடமும் கடுகும்.

"என்ன மேடம், எங்க டிப்போவுல இப்படிப் போட்டா பெரிய ரகளை ஆயிடும்" என்று சிரித்தேன். "அம்மாவுக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்தீங்க?"

அவள் சிரிக்கவில்லை. "இப்படியே இருக்கட்டும்ப்பா."

"ஒரு தடவை கூட நான் உன் பக்கத்துல இல்லையே?"

"பரவால்லப்பா."

உள்ளே சுருக்கென்றது. பெற்ற பெண் ஒன்பது சவாரியில் ஒன்றில்கூட என்னோடு உட்கார மாட்டேன் என்கிறாள். இவளுக்காக ஒருவன் இந்த வயதில் பின்னல் பழகுகிறான். இந்த லட்சணத்தில் நாளைக்கு இவளை நான் எப்படித் தனியாக வைத்துக்கொள்வேன்? எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். இது எனக்குத் தெரிந்த வியாதிதான், மருந்துதான் இல்லை.

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். "இங்க பாரு. எப்படிப் போடணும்னு அப்பா காட்டுறேன். ராட்டினம் நீ அம்மா கூட. கப்பல் என் கூட. கோப்பை அம்மா கூட. மாத்தி மாத்தி வரணும், அப்பத்தான் நியாயம். அப்புறம் இந்தக் குட்டி ரயில், இது கைக்குழந்தைங்க ஏறுறது. உனக்கு எட்டு வயசாச்சு. இதுக்கு எதுக்கு நாலு தடவை? ஒண்ணு போதும்." மூன்று ரயிலைச் சிவப்புக் கோட்டால் அடித்தேன்.

"வேணாம்ப்பா. அடிக்காதீங்க." என் கையைப் பிடித்தாள்.

"கையை எடு."

"வேணாம்ப்பா, ப்ளீஸ்."

"என் பக்கத்துல ஒரு தடவை உக்காந்தா என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" கத்திவிட்டேன். கடுகு மேஜைக்கடியிலிருந்து செருப்போடு வெளியே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த அறையில் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் வந்து நின்றாள். "பூங்காவுக்குப் போறதுக்குக் கூடவா சண்டை?" என்றாள் என்னைப் பார்த்து.

மேடம் அழுதாள். சத்தம் போட்டு இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் உங்க கூடவே இருக்கப் போறேனேப்பா. தினமும். அம்மா கூட உக்கார எனக்கு அந்த ஒரு நாள்தானே இருக்கு? கடுகுக்கும் உங்க கூட அந்த ஒரு நாள்தானே?"

வாசலில் நின்றவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"நீங்கதான் பேசினீங்க. ஆளுக்கு ஒண்ணுன்னு." அம்மா பக்கம் திரும்பினாள். "நீதானே பால்கனியில துணி எடுக்கச் சொன்னே. நான் அங்கதான் இருந்தேன்."

ஞாபகம் வந்தது. அந்த மத்தியானம் பால்கனியிலிருந்து அவள் கொண்டு வந்த துணிகள் எல்லாம் மடித்திருந்தன. கைக்குட்டைவரை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்திருந்தது. யாரும் சொல்லாமலே என்ன பொறுப்பு பாரேன் என்று நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பாராட்டினோம். உள்ளே வர முடியாமல், நாங்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்று ஒவ்வொன்றாக மடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு பத்து நாள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள், வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், என் கோணல் பின்னலோடு சிரித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவிதான் கேட்டாள். "ரயில் எதுக்குடா நாலு தடவை?"

"அதுல மட்டும்தாம்மா பெரியவங்க வரக்கூடாது. நானும் கடுகும் சேர்ந்து உக்காரலாம்."

கடுகுக்கு அதில் ரயில் என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது. "நான்தான் முன்னாடி! நான்தான் ஓட்டுவேன்!" என்று குதித்தான்.

"நீயே ஓட்டு" என்றாள் அக்கா.

நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் முன்னால் அழுது பழக்கமில்லை. தேய்க்காத சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

நூற்று நாற்பது பேருக்கு நியாயம் சொல்கிறவன், என் வீட்டில் இருந்த ஒரே நல்ல ஜோடியைப் பிரித்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அந்தப் பிள்ளைகள் இரண்டும்தான் ஒரு போர்வைக்குள் சுருண்டு கிடந்தன. அதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தும், ஆளுக்கு ஒண்ணு என்றேன்.

"ரெண்டு பேரையும் நீயே கூட்டிட்டுப் போ" என்றேன்.

"கோபத்துல சொல்றீங்களா?"

"இல்ல."

"அப்போ உங்களுக்கு?"

யாருக்கு யார் என்று எழுதியே வயிறு கழுவுகிறவன் நான். எனக்கு என்று வந்தபோது எழுத ஒரு பெயர் மீதி இல்லை.

"வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கே. வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஏழு மணி நேரம்ங்க. வந்து இறங்கினதும் திரும்பி ஏறணும்."

"இறங்கிப் பாத்துட்டு ஏறிக்கிறேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அன்னிக்கே எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, ரெண்டையும் பிரிக்க வேணாம்னு. சொன்னா ரெண்டையும் நானே பிடுங்கிக்கப் பாக்கிறேன்னு நினைப்பீங்க."

"நினைச்சிருப்பேன்" என்றேன். உண்மைதானே. பிறகு, கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன். "நீ இங்கேயே இருந்துடேன்."

"அதை மட்டும் கேக்காதீங்க." அவளும் அழுதுகொண்டிருந்தாள். "கேட்டா இருந்துடுவேன். அப்புறம் ஆறு மாசத்துல மறுபடியும் இதே மாதிரி நிப்போம், அந்தப் பிள்ளை பால்கனியில துணி மடிச்சிட்டிருக்கும்."

பதில் சொல்லாமல் நான் விட்ட முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளைகளை மேஜை முன்னால் உட்கார வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதை இந்த ஞாயிற்றுக்கிழமையே சொன்னோம். நான்தான் சொன்னேன். "மேடம், கடுகு, நீங்க ரெண்டு பேருமே அம்மா கூடப் போறீங்க. பெரியம்மா ஊருக்கு. அங்கயே ஸ்கூல்."

"அங்க பஸ் இருக்கா?" என்றான் கடுகு.

"இருக்கு."

"அப்போ சரி." மறுபடி மேஜைக்கடியில் புகுந்துவிட்டான்.

மேடம் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேருமேவா? கடுகு கூடவே நானா? நிஜமா?"

"நிஜமா."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் பாதி வலி. உடனே அந்த வெளிச்சம் மங்கி, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்க தனியாவா?"

"ஆமா."

"சாப்பாடு?"

"டிப்போ கேன்டீன்ல சாப்பிட்டுக்குவேன்."

"அது வாயில வைக்க விளங்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"இப்போ சமையல்காரர் மாறிட்டார்" என்று புளுகினேன்.

நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. மேஜை மேல் கிடந்த தன் தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் பாதி என் சிவப்புக் கோடு. ரப்பரால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. நோட்டிலிருந்து வேறு ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேலை வைத்து, முதலிலிருந்து கட்டம் போடத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

குட்டி ரயிலை ஒரே ஒரு முறை எழுதினாள். "ஒண்ணு போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ராட்டினத்துக்கு வந்தாள். ஒரு பக்கம் 'நான்' என்று எழுதி, மறுபக்கம் 'அப்பா' என்று எழுதினாள். கப்பல், நான், அப்பா. கோப்பை, நான், அப்பா. கடைசிச் சவாரிவரை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். முடித்துவிட்டுப் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கடுகும் உங்க கூடத்தான் உக்காரணும். ஆனா ஒரு பெரியவங்களுக்கு ஒரு குழந்தைதானே விதி?"

"ஆமா" என்றேன்.

"அப்போ ஒவ்வொண்ணுலயும் நீங்க ரெண்டு தடவை ஏறணும். முதல்ல என் கூட. இறங்கி, மறுபடியும் வரிசையில நின்னு, கடுகு கூட. அம்மா கீழ பையைப் பாத்துக்கட்டும்." அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குப் பரவால்லயாம்மா?"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடம் எல்லா வரிக்குக் கீழேயும் இன்னொரு வரி சேர்த்து, கடுகு, அப்பா, கடுகு, அப்பா என்று எழுதி முடித்தாள். தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எல்லாம் உங்களுக்கு டபுள் டூட்டியா வருதுப்பா. முடியுமா?"

டிப்போவில் அதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட முதல் தடவையில் சரி என்று சொன்னதில்லை.

"முடியும் மேடம்" என்றேன்.